மூன்றை அழுத்தவும்

"உங்க மேனேஜர் ரொம்பத் தன்மையான மனுஷர்மா," என்றார் பல் டாக்டர், மாற்றிக் கொடுத்த புதுப் பூட்டில் சாவியை விட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தபடி. "சாவி உள்ளயே முறிஞ்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வெளியில பேஷண்டுங்க வேற உட்கார்ந்திருக்காங்க. அவரு நிதானமா, 'பதறாதீங்க சார், ஆள் கிளம்பியாச்சு'ன்னாரு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அவள் கருவிப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிப் பழகிய முகம், அவளைக் கேட்காமலே சிரித்துத் தலையாட்டியது. மருந்து நெடி அடித்த அந்த அறையைவிட்டு வெளியே வந்து, படியிறங்கி, ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிய பிறகுதான் டாக்டர் சொன்னது மண்டையில் ஏறியது.

அவளிடம் மேனேஜர் என்று யாரும் இல்லை.

மேனேஜர் என்ன, வேறு யாருமே இல்லை. 'எந்நேரமும் பூட்டு சேவை' என்ற பலகைக்குக் கீழே இருந்த அந்த ஒற்றை அறைக்கு முதலாளியும் அவள்தான், வேலையாளும் அவள்தான், பெருக்கித் துடைப்பதும் அவள்தான். சாவியைத் தொலைத்தவர்கள், பூட்டு மக்கர் செய்தவர்கள், உள்ளே தாழ் விழுந்து குழந்தை மாட்டிக்கொண்டதென்று அலறுகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு, பெண் குரலைக் கேட்டதும், "பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா" என்றார்கள். "ஆம்பளை ஆளு யாரும் இல்லையா?" என்றார்கள். இல்லை என்றால் வைத்துவிட்டார்கள். வீதியில் நின்றுகொண்டு வீட்டுக்குள் போக வழியில்லாத நேரத்திலும் சிலருக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

யோசனை சொன்னது தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாயைத் திறந்தால் யோசனை. "அக்கா, பலகையில செல் நம்பரைப் போட்டாலே ஒத்தை ஆளுன்னு தெரிஞ்சிடும். இன்டர்நெட் நம்பர் ஒண்ணு வாங்கிப் போடு. சிம்மே வேணாம், ஆப்லயே ஓடும். கூப்பிட்டா, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்னு சொல்லும். பெரிய ஆபீஸ்னு நினைச்சுட்டுப் பேசாம லைன்ல நிப்பாங்க."

நின்றார்கள். பூட்டு திறக்க ஒன்று, புதுப் பூட்டு பொருத்த இரண்டு. எதை அழுத்தினாலும் அவள் சட்டைப் பையில்தான் அடித்தது. மூன்றாவது எண்ணை மட்டும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். 'மேனேஜரிடம் பேச மூன்றை அழுத்தவும்.' ஆம்பளை ஆள்தானே வேண்டும், இந்தா வைத்துக்கொள் என்று ஒரு வீம்பு.

குரலுக்கு வெளி ஆளைத் தேடவில்லை. பேசிப் பதிவு செய்தால் குரலைத் தாழ்த்தி ஆண் குரலாக்கித் தரும் ஓர் ஆப்பைத் தம்பி போட்டுக்கொடுத்தான். வீட்டில் எங்கே நின்று பேசினாலும் எதிரொலித்தது. கடைசியில் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தொங்கும் சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் மூச்சு முட்ட நின்று பேசினாள். "வணக்கம். மேனேஜர் பேசறேன். இப்போ வெளியில இருக்கேன். நானே கூப்பிடறேன்." வெளியில் நின்ற மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிடும், ஒவ்வொரு முறையும் "இன்னொரு தடவை" என்று அவள் உள்ளிருந்து கத்துவாள், மகள் வாயைப் பொத்திக்கொள்வாள், தோளில் ஹேங்கர்கள் உரசி டிக் டிக்கென்று அடிக்கும். மறுபடி சிரிப்பு வெடிக்கும். இருவருக்கும் வயிறு வலித்தது.

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, ஆனால் பொருத்தமான பெயர் இதுதான். "அம்மா, எனக்கும் ஒரு நம்பர் குடு. நாலு. வாலுகிட்ட பேச நாலை அழுத்தவும்."

"முதல்ல பால் டம்ளரைக் காலி பண்ணு. இல்லேன்னா மேனேஜர் மாமாகிட்ட சொல்லிடுவேன்."

அன்றிலிருந்து வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள். பாடம் எழுதவில்லையென்றால் மேனேஜர் மாமா கோபிப்பார். கடைசி பிஸ்கட்டைக் காணோமென்றால் மேனேஜர் மாமா தின்றுவிட்டார். வாலுவின் அப்பா போன பிறகு அந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முதலில் மூன்றை அழுத்தியிருக்கிறார், பிறகு ஒன்றை அழுத்தி அவளிடம் பேசியிருக்கிறார், அதுவரை சரி. ஆனால் அவள் எடுத்ததுமே அவர், "எவ்வளவு தூரத்துல வந்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பதற்றத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டாள். 'ஆள் கிளம்பியாச்சு' என்று பதிவில் எங்கேயும் இல்லை. அவள் அப்படிப் பேசவேயில்லை.

தம்பிக்குப் போட்டாள்.

"அக்கா, மூணுல ஆளே கிடையாது. வெறும் ரெக்கார்டிங். அந்த டாக்டர் எங்கயோ கேட்டதை எங்கயோ சேர்த்துச் சொல்றாரு."

"அவரு பொய் சொல்ற மாதிரி தெரியலடா."

"சரி, கால் ஹிஸ்டரி பார்க்கறேன்." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "பேசிமுடித்த அழைப்புன்னு காட்டுது. ரெக்கார்டிங் ஓடின நேரத்தையும் சேர்த்துக்கும் போல. சாஃப்ட்வேர் கோளாறு, விடு."

விட்டாள். விட்டதுபோல இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு சட்டைப் பையில் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். யாராவது தனக்கு முன்னால் எடுத்துவிடுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வந்தது. சாவியை ராவிக்கொண்டிருந்த அரம் பாதியில் நிற்கும். வெறும் அறை, எண்ணெய்ப் பிசுக்கு, சுவரில் தொங்கும் சாவிகள். மறுபடி அரம் ஓடும்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. துவைத்தது எதுவும் காயாமல் வீடெல்லாம் ஈரத்துணி வாடை. ஒரு சாயங்காலம் துணிகளை மடித்து அலமாரியில் வைக்கப் போனபோது, தொங்கிய துணிகள் எல்லாம் இரண்டு ஓரங்களுக்கும் நெருக்கித் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். இந்த வாலு கண்ணாமூச்சி ஆடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஹேங்கர்களை இழுத்துச் சரிசெய்தாள். உள்ளே மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா, இன்னிக்கு மேனேஜர் மாமா ஃபோன் பண்ணாரு," என்றாள் வாலு, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே.

"ஓகோ. என்னவாம்?"

"சாப்பிட்டியான்னு கேட்டாரு. உள்ள ஒரே புழுக்கமா இருக்குன்னாரு."

கரண்டி குழம்புக்குள்ளேயே நின்றது. இவள் அளக்கிறாள். தினமும் அளக்கிறவள்தான், அளக்கக் கற்றுக்கொடுத்ததே அம்மாதான். ஆனால் மற்ற நாளில் அளக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். இன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பளத்தைக் கடித்தாள்.

வீட்டு டேப்லெட்டை எடுத்துப் பார்த்தாள். கடை எண்ணிலிருந்து அழைப்புகள் வரிசையாக இருந்தன. இருக்கத்தான் செய்யும். அது அவள் போட்ட சட்டம்.

பூட்டு வேலை செய்கிறவளுக்குக் கதவுகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இருக்காது. எந்தக் கதவும் ஒரு வளைந்த கம்பிக்கும் கொஞ்சம் பொறுமைக்கும் திறந்துகொள்ளும். கதவைவிட மோசம் மனிதர்கள். அம்மா அனுப்பினார்கள், அப்பா அனுப்பினார் என்று யாராவது வெளியே நின்று சொன்னால் குழந்தைகள் திறந்துவிடும். அதனால் தன் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் மட்டும் நகரும் ஓர் எஃகுத் தாழ்ப்பாளை அவளே அறுத்து, அவளே பொருத்தினாள். வெளியில் துளையும் கிடையாது, திருகும் கிடையாது. "இதை வெளியில இருந்து திறக்க என்னாலயே முடியாது" என்று தம்பியிடம் பெருமையடித்துக்கொண்டாள். வாலு பள்ளி விட்டு வந்ததும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு சட்டம்: "மணி அடிச்சா திறக்காதே. தட்டினா திறக்காதே. என் குரலே கேட்டாலும் திறக்காதே, குரலை யாரு வேணா மாத்திப் பேசலாம், மேனேஜர் மாமாவைப் பார்த்தேல்ல. நம்ம கடை நம்பர்ல இருந்து டேப்லெட்டுக்கு ஃபோன் வந்து, திறன்னு சொன்னாத்தான் திறக்கணும்."

வாலு எதில் குறும்பு செய்தாலும் இதில் செய்ததில்லை. ஒருநாள் அவள் ஃபோன் சார்ஜ் இல்லாமல் அணைந்து, வாசலில் நின்று கெஞ்சியும் திறக்கவில்லை. கீழ்வீட்டில் சார்ஜ் போட்டுக் கூப்பிட்ட பிறகுதான் திறந்தாள். அன்று மகளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

இப்போது தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டு, மூன்றைத் தூக்கிவிடு, இப்போதே தூக்கு என்றாள். தூக்கிவிட்டதாகச் சொன்னான். அவளே கடை எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு. அவ்வளவுதான். பேசி முடித்த தன் குரலுக்குப் பின்னால் கொஞ்சம் மௌனம் இருந்தது. வழக்கமாக இருக்கிற மௌனம்தானா இது என்று யோசித்தாள். அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் ஒன்றும் இல்லை. மழை மட்டும் விடவில்லை.

அன்று வாலு பள்ளி விட்டு வந்து, தாழ்ப்பாள் போட்டாச்சு என்று சொல்லிவிட்டு வைத்த கொஞ்ச நேரத்தில் அந்த அழைப்பு வந்தது. வயதான குரல். துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் அமுங்கிக் கேட்டது. "குழந்தை உள்ள மாட்டிக்கிச்சும்மா. தாழ்ப்பாள் விழுந்திடுச்சு. சத்தமே இல்ல. சீக்கிரம் வாங்க." முகவரி நகரத்தின் மறுகோடியில். பேசியவர் யாரென்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. வேறு வேலையென்றால் நாளைக்கு என்றிருப்பாள். குழந்தை மாட்டிக்கொண்ட வேலையை அவள் ஒருபோதும் தள்ளிப்போட்டதில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தண்ணீர் தேங்கிய தெருக்களில் தேடித் தேடிப் போய்ச் சேர்ந்தபோது அது வண்ணம் உரிந்த ஒரு பழைய கட்டடம். ஜன்னல் கண்ணாடிகள் தூசியில் குருடாகியிருந்தன. குடை பிடித்துக்கொண்டு வந்த காவலாளி அவளையும் பையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க யாரும்மா உங்களைக் கூப்பிட்டது? ரொம்ப நாளா பூட்டியே கெடக்கு. எலி கூட இல்ல."

ஃபோனை எடுத்து வந்த அழைப்பைப் பார்த்தாள். வெளி எண் எதுவும் இல்லை. தன் கடையின் பெயர். அதன் கீழே, சின்ன எழுத்தில்: எண் 3-லிருந்து மாற்றப்பட்டது.

மழை சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. கையிலிருந்த ஃபோன் அடித்தது. தம்பி.

"அக்கா." அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "நீ பயந்தேன்னு பழைய ரெக்கார்டிங் எல்லாத்தையும் இப்பத்தான் எடுத்துக் கேட்டேன். இது யாரு?"

"எது?"

"மூணு."

"தூக்கிட்டேன்னியேடா."

"தூக்கிட்டேன். சத்தியமா தூக்கிட்டேன். நேத்து வரைக்கும் பேசியிருக்கு. கேளு."

கட்டடத்தின் இறவாரத்துக்குக் கீழே ஒதுங்கி, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முதலில் பதிவு. வணக்கம், மேனேஜர் பேசறேன். இப்போ வெளியில இருக்கேன். நானே கூப்பிடறேன். அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. துணி துணியோடு உரசும் சத்தம். மூச்சு. டிக். டிக். மரக்கம்பியில் ஹேங்கர்கள் மெல்ல மோதும் சத்தம், அவள் தோளில் உரசிய அதே சத்தம். பிறகு அந்தக் குரல், அவளுடைய குரலேதான், தாழ்ந்து, தடித்து: "சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

வாடிக்கையாளர் ஏதோ சொன்னார். குரல் தன்மையாக ஆறுதல் சொன்னது. அவர் வைத்துவிட்டார். ஆனால் லைன் அறுபடவில்லை. மூச்சு தொடர்ந்தது. அதற்கும் பின்னால், கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல், ஒரு கார்ட்டூன் பாட்டு. வாலு தினமும் பார்க்கும் கார்ட்டூன். அதைப் பார்த்துச் சிரிக்கும் வாலுவின் சிரிப்பு.

அது வெளியில் இருந்ததே இல்லை.

எப்படி ஸ்கூட்டரை எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஓட்டிக்கொண்டே டேப்லெட்டுக்குப் போட்டாள். 'வேறு அழைப்பில் உள்ளார்.' மறுபடி. 'வேறு அழைப்பில் உள்ளார்.' சிக்னலில் நின்று போட்டாள். சிவப்பு விளக்கு சாலைத் தண்ணீரில் நீளமாக ஆடியது. பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. 'வேறு அழைப்பில் உள்ளார்.' யாரோடு? கடை எண்ணைத் தவிர அந்த டேப்லெட்டுக்கு வேறு யாரும் கூப்பிட முடியாது. அதையும் அவள்தான் அப்படிப் பூட்டி வைத்திருந்தாள்.

பாலத்தைத் தாண்டும்போது ஒரே ஒரு முறை கிடைத்தது.

"அம்மா?" வாலு கிசுகிசுத்தாள்.

"வாலு! வெளியில வா. கதவைத் திறந்துட்டுக் கீழ்வீட்டுக்கு ஓடு. இப்பவே!"

"நீ அம்மாவா?"

"என்னடி கேள்வி இது? நான்தான்!"

"மேனேஜர் மாமா சொன்னாரு, அம்மா மாதிரியே பேசிட்டு ஒருத்தங்க வருவாங்கன்னு. கதவைத் திறக்கச் சொல்லுவாங்களாம். திறக்கக் கூடாதாம்." டிக். டிக். "ஒளிஞ்சுக்கச் சொல்றாரு. உள்ள எனக்கும் இடம் இருக்காம்."

அறுந்தது. அவள் கத்தியது மழைக்குத்தான் கேட்டது.

மாடிப்படி. செருப்பு வழுக்கியது, முழங்கால் இடித்தது, எழுந்தாள். எதிர்வீட்டில் பூட்டு. சாவியைப் போட்டாள், திருப்பினாள், பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை. தாழ்ப்பாள். அவளே அறுத்து, அவளே பொருத்தி, அவளே மெச்சிக்கொண்ட தாழ்ப்பாள்.

"வாலு! கண்ணு! அம்மாடி! திற!"

உள்ளே கார்ட்டூன் பாட்டு. அப்புறம், கதவுக்கு வெகு அருகில், மகளின் குரல். அவளிடம் இல்லை. வேறு யாரிடமோ.

"மாமா, வந்துட்டாங்க. அம்மா மாதிரியேதான் பேசறாங்க."

"வாலு, இங்க பாரு. உன் முதல் பல்லு விழுந்தப்போ என்கிட்ட காட்டாம தலையணைக்குள்ள தைச்சு வெச்சே. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். யாருக்கும் தெரியாது. நான்தான்டி கண்ணு."

பயந்துபோன சின்னக் குரல் கேட்டது.

"மாமா, அதுவும் அவங்களுக்குத் தெரியுதே."

காலடிகள் விலகிப் போயின. வெறுங்கால்கள். படுக்கையறைப் பக்கம்.

பையைக் கவிழ்த்தாள். கருவிகள் தரையில் சிதறின. டிரில்லை எடுத்துக் கதவில் வைத்தாள். எஃகுத் தகட்டில் முனை வழுக்கிக்கொண்டு கீச்சிட்டது. தகட்டையும் அவள்தான் வைத்தாள். எவனும் துளைக்கக் கூடாதென்று வைத்தாள். டிரில் முனை முறிந்து கன்னத்தில் தெறித்தது. தம்பியின் அழைப்பு வந்தது. வெட்டினாள். டேப்லெட். 'வேறு அழைப்பில் உள்ளார்.' கடை எண் வந்தால்தான் மகள் திறப்பாள். கடை எண் அவள் கையில் இல்லை.

தன் கடை எண்ணுக்கே போட்டாள்.

வரவேற்பு இல்லை. ஒன்று இல்லை, இரண்டு இல்லை. ஒரு மணிகூட அடிக்கவில்லை.

"சொல்லுங்க," என்றது குரல்.

"என் பொண்ணை விட்டுடு." அழுகையில் வார்த்தை உடைந்தது. "என்னை எடுத்துக்கோ. அவளை விட்டுடு. தப்பு என்னுதுதான். நான்தான உன்னைக் கூப்பிட்டேன்."

"பதறாதீங்க." அவ்வளவு தன்மை. "ஆள் உள்ளதான் இருக்கு. திறக்கறேன்."

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் விலகியது. எஃகு எஃகில் நகரும் அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். மெதுவாக. முழுவதும்.

தள்ளினாள். கதவுக்குப் பின்னால் யாருமில்லை.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாதி குடித்த பால் டம்ளர். பள்ளிக்கூடப் பை. ஒரு காலுறை. படுக்கையறையில் டேப்லெட் கட்டில்மேல் கிடந்தது, வெளிச்சத்தோடு. திரையில் அவளுடைய கடையின் பெயர். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அலமாரி சாத்தியிருந்தது.

திறந்தாள். துணிகள். இரண்டு ஓரங்களுக்கும் நெருக்கித் தள்ளிய துணிகள். நடுவில் இடம், முன்பு இருந்ததைவிட அகலமாக. ஃபேன் ஓடவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, ஹேங்கர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. வாரி வெளியே எறிந்தாள். புடவை, சட்டை, வாலுவின் மழைக்கோட்டு. பின்பலகையைக் கையால் குத்தினாள். பலகை, அதன் பின்னால் சுவர். வெதுவெதுப்பாக. அடித்தட்டில் வாலுவின் ஒற்றை ஹேர்கிளிப். கட்டிலுக்குக் கீழே. குளியலறை. சமையலறை. பால்கனி. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள், வாலு என்று, பிறகு பள்ளிக்கூடப் பெயரை, பிறகு பெயரில்லாமல் வெறும் சத்தமாக. மறுபடி அலமாரிக்கே வந்து நின்றாள்.

கை தானாகவே கடை எண்ணை அழுத்தியது. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த முறை அவளுடைய குரல் வந்தது, என்றோ ஒரு நல்ல நாளில் உற்சாகமாகப் பேசிய குரல். "எந்நேரமும் பூட்டு சேவைக்கு உங்களை வரவேற்கிறோம். பூட்டு திறக்க ஒன்றை அழுத்தவும். புதுப் பூட்டுக்கு இரண்டை அழுத்தவும். மேனேஜரிடம் பேச மூன்றை அழுத்தவும்."

மௌனம். அடக்கப் பார்க்கும் ஒரு சின்னச் சிரிப்பு.

"வாலுகிட்ட பேச நாலை அழுத்தவும்."

விரல் ஈரத்தில் வழுக்கியது. துடைத்துக்கொண்டு அழுத்தினாள்.

காலி அலமாரிக்குள் ஒரு மணி அடித்தது.

அவள் கண்ணெதிரே. எதுவும் இல்லாத இடத்தில். துணிகளுக்கு நடுவில் அமுங்கியதுபோல் அடித்தது, எறிந்த துணிகளெல்லாம் அவள் காலடியில் கிடந்தன. வெறும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதின. டிக். டிக். பிறகு யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம்," என்றாள் வாலு, பாடம் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி. "வாலு பேசறேன். இப்போ வெளியில இருக்கேன். நானே... நானே கூப்பிடறேன்."

"வாலு! அம்மாடி, அம்மா இங்கதான் இருக்கேன், கையை நீட்டு..."

பதில் அவளுக்கு வரவில்லை. மகளுக்குப் பின்னாலிருந்து, வெகு நெருக்கத்தில், அந்தத் தாழ்ந்த குரல் தன்மையாகச் சொன்னது:

"இன்னொரு தடவை."